ஒரே கோலுக்கு இரண்டு காவல்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. திடலாவதற்கு முன்பு அது லாலாங் புல்லும் பாம்பும் குடியிருந்த பள்ளம். கம்பிச்சடக்கில், அதாவது ரயில் பாதை வேலையில், கங்காணியாக இருந்த நாகையாதான் துரையிடம் நடையாய் நடந்து அந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். வேலை முடிந்து வந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வெட்டித் திருத்தினார். இரண்டு முனையிலும் மூங்கிலால் கோல் கம்பு நட்டு, கால்பந்துக் கிளப் ஒன்றைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திடலைச் சுற்றி வருவதைப் பார்த்தால், புதிதாய் வாங்கிய மாட்டைத் தடவிப் பார்க்கிறவர் மாதிரி இருக்கும்.

கேளுங்கள் கண்ணுகளா, அவர் கிளப்புக்கு எதிரி வெளியில் இல்லை. கிள்ளான்காரர்கள் வந்தார்கள், செந்தூல்காரர்கள் வந்தார்கள், ஆடினார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சண்டையெல்லாம் சொந்தக் கிளப்புக்குக் கைதட்ட வந்தவர்களுக்குள்தான்.

காரணம், கோல்கீப்பர்கள் இரண்டு பேர். அய்யாவு ஒருவன், சிரில் ஒருவன். அய்யாவுதான் கெட்டிக்காரன் என்பவர்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பார்கள். அவர்களுக்குத் தலைவர் கொல்லுப்பட்டறைச் சின்னையா. சிரிலை விட்டால் ஆளே இல்லை என்பவர்கள் வடிகால் ஓரம் நிற்பார்கள். அவர்களுக்குத் தலைவர் தச்சுவேலை ரபேல். சிரில் கோலில் நிற்கும்போது பந்து உள்ளே போனால் மரத்தடி சிரிக்கும். அய்யாவு விட்டுவிட்டால் வடிகால் ஓரம் விசிலடிக்கும். தோற்பது இரு தரப்புக்கும் பொதுவான கிளப்தான் என்பது யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றாது.

ஒரு மாதம் வாய் முற்றிக் கை நீண்டுவிட்டது. குடைகள் உடைந்தன, ஒருவருக்கு முன்பல் போயிற்று. துரை நாகையாவைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு தடவை அடிதடி என்று காதில் விழுந்தால், திடலை மூடி எஞ்சின் கரி கொட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். நாகையா குனிந்த தலையோடு திரும்பி வந்தார். வந்தவர் ஒரு சட்டம் போட்டார். கோல் வாங்கியவன் அடுத்த ஆட்டம் வெளியே, மற்றவன் உள்ளே. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

கிள்ளான்காரர்கள் வந்த அன்று அய்யாவுவின் முறை.

சின்னையாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அய்யாவு நிற்கும் நாளில், கோயிலில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தைக் கோல் கம்பின் அடியில் புதைத்துவிடுவார். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் எப்போதும் முதலில் ஸ்டேஷன் பக்கத்துக் கோலில்தான் நிற்பார்கள். வந்தவர்கள் மறு பக்கம் போய்விடுவார்கள். அதனால் பழமும் ஸ்டேஷன் பக்கம்தான்.

சிறிது நேரம் கழித்து ரபேல் அதே கோலுக்குப் போனார். அந்தோணியார் உருவம் பொறித்த சின்ன வில்லை ஒன்றை நூலில் கோத்து மூங்கிலின் கணுவில் கட்டினார். அய்யாவு மேல் பாசம் வந்துவிடவில்லை. பந்து உள்ளே போகாமலிருந்தால், பெயரை எலுமிச்சம்பழம் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே!

மத்தியானம் நல்ல மழை. விட்டதும் சுள்ளென்று வெயில். காசு சுண்டியபோது கிள்ளான் கேப்டன் ஜெயித்தான். “வெயில் கண்ணுல அடிக்குதுங்க, நாங்க ஸ்டேஷன் பக்கம் நிக்கிறோம்” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. பழமும் வில்லையும் காக்கிற கோலில் கிள்ளான்காரன் போய் நின்றுகொண்டான்.

பிரிக்பீல்ட்ஸ் அடித்த பந்து ஒன்று மூங்கிலில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று மேலே போயிற்று. மூன்றாவது, கீப்பர் விழுந்து கிடக்கும்போதே அவன் முழங்காலில் பட்டு வெளியேறியது.

சின்னையா தலையில் கை வைத்தார். “ஐயய்யோ, நம்ம பழம் அவனுக்குல்ல காவல் நிக்குது!”

வடிகால் ஓரம் சிரித்தது. ரபேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் திடலைக் கடந்து மரத்தடிக்கு வந்தார்.

“சின்னையாண்ணே, போய்ப் பழத்தத் தோண்டி எடுங்க.”

“ஏன், முதல்ல நீ கட்டுன வில்லைய அவுத்து எடு. நான் பாக்கலன்னு நெனச்சியா?”

“அந்தோணியார நான் ஏன் அவுக்கணும்? உங்க பழம்தான் கட்சி மாறிடுச்சு.”

“உன் சாமி மட்டும் என்னவாம், கிள்ளான் ரயிலு ஏறிப் போயிடுச்சா?”

மரத்தடியில் நின்ற இராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினான். நாகையா குடையை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“வாயால எவ்வளவு வேணும்னாலும் கத்துங்கப்பா. கைய மட்டும் கட்டிக்குங்க. ஒரு அடி விழுந்தா நாளைக்கு இங்க கரிதான் கொட்டும்.”

இரண்டு பேரும் அடங்கினார்கள். ஆனால் பழத்தையும் யாரும் தோண்டவில்லை, வில்லையையும் யாரும் அவிழ்க்கவில்லை.

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியது. இப்போது அய்யாவு ஸ்டேஷன் பக்கத்துக் கோலில். மரத்தடிக் கூட்டம் அந்தக் கோலுக்குப் பின்னால் வந்து நின்றது. வடிகால் கூட்டமும் வந்தது. தங்கள் தங்கள் காவல் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமல்லவா? அந்தக் கிளப்பில் இரண்டு கூட்டமும் தோளோடு தோள் இடித்து நின்றது அன்றைக்குத்தான்.

அய்யாவு நன்றாகத்தான் ஆடினான். நெஞ்சால் ஒன்று தடுத்தான், காலால் ஒன்று. இருட்டுகிற நேரத்துக்குக் கிள்ளான்காரன் ஒருவன் தரையோடு தரையாக மெதுவாய் ஒரு பந்து தட்டினான். குனிந்து அள்ளிக்கொள்ள வேண்டிய பந்து. அய்யாவு ஒரு கால் எடுத்து வைத்தான், வழுக்கினான், மல்லாந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு போயிற்று.

ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. கிள்ளான் ஜெயித்தது.

“பின்னாலேர்ந்து காலத் தட்டி விட்டுட்டானுங்க!” என்று இராமலிங்கம் கத்தினான். “வடிகால்காரனுங்கதான்! சிரில உள்ள கொண்டாரத்தான் இந்த வேல!”

“எவன்டா தட்டுனான்? காட்டுடா!”

சட்டைக் கைகள் மேலே ஏறின. குடைகள் மடங்கின.

ரபேல் கோல் கம்பின் அருகில் நின்றிருந்தார். அவர் காலடியில், மழையில் மண் கரைந்து மேலே வந்த எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் அய்யாவுவின் குதிகால் இழுத்துக்கொண்டு போன தடம். விரலை நீட்டிக் காட்டினால் போதும், பழி மரத்தடிக்கே திரும்பிவிடும். கிள்ளான்காரர்கள் முன்னால் சின்னையாவின் முகத்தில் கரி பூசினது மாதிரி ஆகிவிடும். பிறகு மரத்தடி சும்மா இருக்காது.

ரபேல் நாகையாவைப் பார்த்தார். நாகையா கூட்டத்தைப் பார்க்கவில்லை. திடலை, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், மெல்லப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரபேல் வெறுங்காலைப் பழத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

“யாரும் தட்டல. சேறு” என்றார் உரக்க. “நான் கண்ணால பாத்தேன். இந்த எடத்துல யாரு நின்னாலும் விழுந்திருப்பான். அய்யாவு மேல தப்பே இல்ல.”

வடிகால்காரர்கள் மடக்கிய குடைகளைக் கீழே இறக்கினார்கள். ரபேல் வாயிலிருந்தா அய்யாவுக்குப் பரிந்து பேச்சு?

சின்னையாவுக்குப் பழத்தைப் புதைத்த இடம் தெரியும். ரபேலின் கால் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரபேல் சொன்னா சரியாத்தான் இருக்கும். டேய் இராமலிங்கம், வேட்டிய எறக்கி விடு.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கிள்ளான்காரர்கள் ரயிலுக்குப் போனார்கள். ரபேல் நின்ற இடத்திலேயே நின்றார். சின்னையா பக்கத்தில் வந்தார்.

“எல்லாரும் போயாச்சு. கால எடுப்பா.”

ரபேல் காலை எடுத்தார். சின்னையா குனிந்து பழத்தை வழித்தெடுத்து வடிகாலில் எறிந்தார். நூலை அவிழ்த்து வில்லையை ரபேலின் கையில் வைத்தார்.

“அடுத்த ஆட்டம் உன் சிரில்தான நிக்கப்போறான்? ஓட்டச் சட்டி. எத்தன வாங்குறான் பாப்போம்.”

“உங்க ஆளு உருண்டு வந்த பந்தையே புடிக்கல, பேச்சப் பாரு!”

“சேறுன்னு நீதான சொன்ன?”

“அது அவங்களுக்கு. உங்களுக்குச் சொல்றேன், சிரிலா இருந்தா வழுக்கியும் புடிச்சிருப்பான்.”

கத்திக்கொண்டே இருவரும் குவாட்டர்ஸ் பக்கம் நடந்தார்கள். நாகையா மண்வெட்டியை எடுத்து வந்து, கோல் கம்படியில் இருந்த குழியை மூடி மிதித்துச் சமமாக்கினார். அவர்கள் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.