டாரன்ட் சொன்ன ஒரே உண்மை

கர்னல் மார்டின்டேலின் மாளிகையில் அவர் மனைவி உடையில் குத்திக்கொள்ளும் வைர ஊசி காணாமல் போனதும் வேலைக்காரர்களின் பெட்டிகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தார்கள். விருந்தாளிகளின் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. தொட்டிருந்தால் அது திருட்டைவிடப் பெரிய குற்றம். விருந்தாளியாக வந்திருந்த டாரன்டின் பிழைப்பே அந்த மரியாதையில்தான் ஓடியது. நல்ல கோட்டு, நாலு வேடிக்கைக் கதை, பில்லியர்ட்ஸில் வீட்டுக்காரரிடம் தோற்கத் தெரிந்த கை. இவ்வளவு போதும், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் எந்தப் பெரிய வீட்டுக் கதவும் திறக்கும். ஊசி அவனுடைய கோட்டின் உள்பையில் இருந்தது.

ஏழை வயிற்றில் அடித்ததில்லை என்று அவனுக்கு ஒரு பெருமை. திருடனுக்கு ஏன் அந்தப் பெருமை என்று கேட்காதீர்கள். அது இருந்ததால்தான் தினமும் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்ய முடிந்தது.

காலை உணவின்போது ஹெட்டியை மேசை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கணப்பு மூட்டுகிற பெண். முந்தின மாலை எஜமானியின் அறைக்குப் போனவள் அவள்தான். அவள் பெட்டியில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அண்ணன் ஜெயிலுக்குப் போய் வந்தவன். வேறென்ன சாட்சி வேண்டும்?

"அண்ணங்காரன்கிட்ட கைமாத்திட்டா, திருட்டுக் கழுதை!" என்றார் கர்னல். வாசலில் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சத்தியமா நான் எடுக்கலீங்க ஐயா! நான் உள்ள போய்ட்டா எங்கம்மாவுக்கு யாருமில்லீங்க!"

டாரன்ட் முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அந்தப் பொண்ண விட்டுடுங்க கர்னல். எடுத்தது நான்தான்."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். கண்கூடக் கலங்கிவிட்டது அவருக்கு.

"பாத்தீங்களா எல்லாரும்? வேலைக்காரிக்காகப் பழியத் தன் தலைல போட்டுக்கறாரு! இவருல்ல மனுஷன்!"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"சும்மா இருங்க டாரன்ட். உங்க இளகின மனசு எங்களுக்குத் தெரியாதா?"

ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தால் தீர்ந்தது. கை உள்பைக்குப் போனது, விரலில் ஊசியும் பட்டது. ஜெயிலின் மொட்டைத் தலையும் கல்லுடைப்பும் நினைவுக்கு வந்தன. அதையும் தாங்கியிருப்பான். தன்னைப் பார்த்து நெகிழ்ந்து நிற்கும் இத்தனை முகங்களும் ஒரே நொடியில் மாறிப்போகுமே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கை கைக்குட்டையோடு வெளியே வந்தது. சொன்னேன், நம்பவில்லை, நான் என்ன செய்ய என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. அற்ப மனசு!

போலீஸ்காரர் கூட்டிப்போகையில் ஹெட்டி கதவருகே நின்று திரும்பினாள்.

"எனக்காகப் பேச நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே ஐயா. சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

பெண்ணொருத்தி அறையை விட்டுப் போனால் கனவான்கள் எழுந்து நிற்பது வழக்கம். வேலைக்காரிக்காக அந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை. டாரன்ட் எழுந்து நின்றான். மேசையில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள்.

அவன் திரும்ப உட்கார்ந்ததும், ஊசியைப் பறிகொடுத்த கர்னலின் மனைவி தன் கையாலேயே அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.