எட்டு ஆள், ஒரு நாள்

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை அழைக்கும் தப்புப் பறைச் சத்தம் ஓயும் முன்பே, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஐந்து நாளாக விடாத மழை. தோளில் கிடந்த கம்பளிகள் ஈரத்தில் கனத்தன. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வீரபத்திரன் குடைக்குள் நின்றபடி, அன்றைய வேலை எழுதிய துண்டை நீட்டினார். மழைநீர் வடியக் கான் வெட்டும் எட்டுப் பேரில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் முத்துலிங்கம் ஒருவன்தான்; வாங்கி வாசித்தான்.

"ஏழாம் நம்பர் மலை. கான் வெட்டு. எட்டு ஆள், ஒரு நாள்."

நீளமும் ஆழமும் அதில் இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள பழைய கானோட சேத்துடணும்," என்றார் கண்டாக்கு.

அந்தச் சரிவு முழுக்கக் கருங்கல். மேல் மண் வெடித்துக் கிடந்ததை முத்துலிங்கம் முந்தாநாள்தான் பார்த்திருந்தான். மூன்று நாள் வேலை என்று மனசு சொன்னது. வாய் திறக்கவில்லை. வேலை முடியாவிட்டால் பாதிக் கூலி. எதிர்த்துப் பேசினால் அதுவும் கிடையாது.

உச்சிப்பொழுதுக்குள் உள்ளங்கைகள் கிழிந்துவிட்டன. அலவாங்கின் இரும்பு முனை பாறையில் பட்டுத் தெறித்தது. வழியை மறித்துக் கிடந்த பெருங்கல்லைக் காட்டினான் பக்கத்து லயத்து வீட்டுச் செல்லசாமி.

"அண்ணே, இதைச் சுத்திப் போனா இன்னிக்கு முடியாது. அடியில கொடைஞ்சிரட்டுமா?"

முத்துலிங்கம் மேலே பார்த்தான். வெடிப்பு அகன்றிருந்தது. ஆனாலும், "சுருக்கா முடி," என்றான்.

கல்லோடு சேர்ந்து மேல்கரையும் செல்லசாமி மேல் இறங்கியது.

ஏழு பேரும் வெறுங்கையால் மண்ணை வாரினார்கள். செல்லசாமியை வெளியே எடுத்தபோது உடம்பில் உயிர் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து ஓடிவந்த அவன் மனைவி மீனம்மா, தேயிலைச் செடியில் தொங்கிய துணிமுடிச்சைக் கண்டாள். "ரொட்டிய இன்னும் தின்னக்கூட இல்லியே," என்று முனகியபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

புதைத்த மறுநாள் பெரட்டுக்குத் தோட்டத்துத் துரையே வந்தார்.

"கல்லுக்கு அடியில தோண்டுன்னு துண்டுல எழுதியிருந்ததா?"

"இல்லீங்க தொரை," என்றான் முத்துலிங்கம். "அங்க கல்லு இருக்குன்னும் எழுதலீங்க. மண்ணு நிக்காதுன்னும் எழுதலீங்க."

"எத்தனை நாள்னு சொல்றது கண்டாக்கு வேலை. உன் வேலை இல்லை."

"அவரு அந்த மலையில கால் வைக்கலீங்க. ஆபீசுல மலைப் படத்தப் பாத்து நாளைப் போட்டுட்டாரு."

வீரபத்திரன் தலை குனிந்துகொண்டார். முத்துலிங்கம் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"மூணு நாள் வேலைன்னு எனக்குத் தெரியும். வெடிப்பையும் பாத்தேன். பயந்துக்கிட்டுச் சொல்லல. அவன் சாவுல எனக்கும் பங்கு இருக்கு." மறுபடி துரையைப் பார்த்தான். "இனி எங்க தொடங்கணும், எங்க முடிக்கணும், எவ்வளவு ஆழம், என்ன ஆபத்துன்னு எல்லாத்தையும் எழுதுங்க. எழுதறதுக்கு முன்னாடி எங்காளு ஒருத்தரும் நடந்து பாத்து, எத்தனை நாளாகும்னு சொல்லணும். அதுவரைக்கும் துண்ட வாங்க மாட்டோங்க."

"அப்ப லயத்தைக் காலி பண்ணு."

கான் வெட்டுகிறவர்களில் முதலில் கந்தப்பன் மம்பட்டியைக் கீழே வைத்தான். மற்ற ஐவரும் வைத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையில் பூரணி தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றினாள். "எங்க மலைக்கும் அப்புடித்தான் எழுதணுங்க!"

லயத்துப் பக்கமிருந்து மீனம்மா நடந்து வந்தாள். முத்துலிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணே."

அவன் கண்ணீர் இறங்கியது. அவள், குவிந்து கிடந்த மம்பட்டிகளுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பூரணி அவளருகில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராகக் களமே உட்கார்ந்தது.

துரையின் கார் உறுமிக்கொண்டு போனது. மழை மறுபடி பிடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.