இருட்டறைக்குள் நாலு பேர்

நாள் முழுக்கச் செங்கல் சுமந்துவிட்டு வந்தவனிடம் ஒருவன், "மாமா, ஒரு சின்ன வேலை" என்றால் அது சின்ன வேலையாக இருக்காது. சொன்னவன் என் மச்சினன். வேலை எங்கள் வீட்டுச் சாமான் அறையில்.

ஊரே கைபேசியில் படம் எடுத்துத் தள்ளும்போது இவன் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டு, எங்கள் சாமான் அறையில் ஃபிலிம் கழுவிக் கொடுக்கும் கடை போடப்போவதாகச் சொன்னான். இப்போது மறுபடி ஃபிலிமுக்குத்தான் மவுசாம். எடுத்த படம் உடனே தெரியக் கூடாதாம், காத்திருந்து பார்ப்பதில்தான் சுகமாம். காத்திருப்பது சுகம் என்று சொல்கிறவன், கலவை வரட்டும் என்று வெயிலில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டான்.

அந்த அறையில் துணி துவைக்கும் மெஷினை வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஆனாலும் தம்பியாயிற்றே.

"டேய், மொத ரோல் ஒழுங்கா வந்தா ரூம் உனக்கு. சொதப்பினா திங்கக்கிழமை மெஷின் உள்ள வரும், நீ வெளிய போவ."

"நீ பாரேன்க்கா."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன், நீ பொறந்ததிலேருந்து."

என் பங்கு, இருட்டு செய்து கொடுப்பது. "ஊசிமுனை வெளிச்சம்கூட வரக்கூடாது மாமா. வந்தா ஃபிலிம் செத்துச்சு" என்றான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். தரையோரம் தண்ணீர் போகிற ஓட்டையையும் அடைத்தேன். கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டினேன். அப்போதும் கைப்பிடியைச் சுற்றி ஒரு பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. விடுவேனா? உள்பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் கலவையைத் திணித்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தேன். விளக்கு சுவிட்சை வெளியே வைக்கச் சொன்னான். உள்ளே இருந்தால் யாராவது கை தவறிப் போட்டுவிடுவார்களாம். அதையும் வெளியே மாற்றினேன்.

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். தன்னிடம் பல் கட்டிக்கொண்டவர்களை எல்லாம் ஈயென்று சிரிக்கவைத்து ஒரு ரோல் முழுக்க எடுத்து வந்திருந்தார். 'உங்கள் ஃபிலிமை நீங்களே கழுவிப் பாருங்கள்' என்பது மச்சினனின் விளம்பரம், அதனால் அவரும் உள்ளே வந்தார். எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க நான். திரை வெளிச்சமும் ஆகாது என்பதால் கைபேசிகளை வெளியே ஒரு கூடையில் போட்டோம். மச்சினன் கதவைத் தள்ளிச் சாத்தினான். இரும்புப் பெட்டி மூடியது போல ஒரு சத்தம்.

"எங்கயாவது வெளிச்சம் தெரியுதா மாமா?"

"என் கையே எனக்குத் தெரியல."

"நீங்க ஆட்டறது என் கை."

ஃபிலிமை உருவிச் சக்கரத்தில் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் இறக்கினான். மூடியைப் போட்டுவிட்டால் கவலையில்லை. நடுவெயிலில் வைத்தாலும் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது, மருந்தை மூடியிலுள்ள குழாய் வழியாகவே ஊற்றலாம். மூடி போடாதவரைதான் ஆபத்து. மூடியைத் தடவித் தேடினான். என் காது கிடைத்தது.

"அண்ணா, அது என் மூக்குக்கண்ணாடி" என்றார் டாக்டர்.

மச்சினன் தேடுவதை நிறுத்தினான். "மூடியக் காலைல கழுவி அடுப்பங்கரைல காய வெச்சேன்" என்றான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் போல.

"போய் எடுத்துட்டு வா."

"கதவத் தொறந்தா ஃபிலிம் போயிடும் மாமா."

"எப்படியும் தொறக்க முடியாது. திருகற கைப்பிடி வெளியதான இருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் என்னை முறைத்தது இருட்டிலும் தெரிந்தது.

அக்காவைக் கூப்பிட்டான்.

"அந்தக் கறுப்பு மூடியா? பால் பாத்திரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு, மூடி வெச்சிருக்கேன்" என்றபடி கதவருகே வந்தாள்.

"தொறக்காத."

"மூடி வேணுமா வேணாமா?"

"வேணும். தொறக்காம குடு."

"நான் என்ன ஆவியாடா?"

கதவை ஒரு தள்ளு தள்ளினால் போதும், திங்கட்கிழமை மெஷின் உள்ளே வந்துவிடும். அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்; வெளிக் கைப்பிடி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு சொன்னாள்: "தோத்தா நீயா தோக்கணும். என்னால தோத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ."

டாக்டர்தான் வழி சொன்னார். கதவுக்கு வெளியே கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு உள்ளே நுழைந்து, என் மனைவி கதவைத் துளி திறந்து பூனை போல உள்ளே வந்தாள். ஊசிமுனை வெளிச்சமும் வரவில்லை. அவ்வளவு கவனமாக, வந்த கையோடு கதவையும் அழுத்திச் சாத்திவிட்டாள். டப்பாவின் மேல் மூடி ஏறியது. மச்சினன் பெருமூச்சு விட்டான்.

"வெளிய யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"பூனை" என்றாள். கொஞ்சம் கழித்து, கதவைத் தடவியபடி, "கைப்பிடி எங்கங்க?"

"கழட்டிட்டேன். வெளிச்சம் வந்துச்சு."

"புத்தி வரல."

வந்தது வந்தோம், கழுவியே விடலாம் என்றான் மச்சினன். உருண்டை பாட்டில் மருந்து முதலில், சப்பை பாட்டில் மருந்து கடைசியில், தடவியே எடுக்கலாம். நேரம் பார்க்கிற கடிகாரம் மட்டும் கைபேசியோடு கூடையில் இருந்தது. "நான் எண்றேன். ஜனங்க வாயப் பொளந்து வெச்சிருக்க எண்ணி எண்ணிப் பழக்கம்" என்றார் டாக்டர். அவர் எண்ணினார், மச்சினன் டப்பாவைக் குலுக்கினான், என் மனைவி இரண்டு பேரையும் திட்டினாள்.

நான் கைக்குத் தட்டுப்பட்ட கேமரா ஸ்டாண்டின் காலால் தரையோரத்து ஓட்டையைக் குத்தத் தொடங்கினேன். லேசில் விடவில்லை.

"எந்த மடையன் இவ்வளவு கெட்டியா வெச்சான்?" என்றேன், மூச்சு வாங்க.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

ஒருவழியாக விட்டது. குப்புறப் படுத்து, ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் செருப்பு தெரிந்தது.

"யாருங்க அது?"

"நான்தான். செவுத்துக்குள்ள."

"எப்ப போனீங்க?"

"வந்து கதவத் தொறங்க, சாவகாசமா சொல்றேன்."

அவர் திறந்ததும் கண் கூசியது. பால் பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பூனை மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மச்சினன் ஃபிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். அது பாம்பு போல ஆடியது. எல்லா முகங்களும் பதிவாகியிருந்தன. எல்லா முகத்திலும் பல் மட்டும் கரிக்கட்டையாக இருந்தது.

"டேய், ஒருத்தர் பாக்கியில்லாம சொத்தப் பல்லு. திங்கக்கிழமை மெஷின்" என்றாள் என் மனைவி.

"இது நெகட்டிவ்க்கா. வெள்ளையெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

"ஒழுங்கா வந்தா ரூம்னு சொன்னேன். இது ஒழுங்கா?"

டாக்டர் ஃபிலிமைக் கண்ணருகே இழுத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மச்சினன் அவர் முகத்தையே பார்த்தான்.

"இத இப்படியே, கறுப்புப் பல்லோடயே, பெருசாப் போட்டுத் தர முடியுமா? க்ளினிக்ல நோயாளிங்க உக்கார்ற எடத்துல மாட்டணும். பாத்தவுடனே அவனவன் பல்லு வெளக்கணும்" என்றார்.

"எத்தனை வேணும்?" என்றான் மச்சினன்.

என் மனைவி சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. அறையை அவனுக்கே கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குனிந்து, நான் குத்திய ஓட்டையை விரலால் அளந்தாள். "மெஷின் குழாய் போக இது போதும்ல?"

திங்கட்கிழமை மெஷினும் வந்தது. இப்போது அவனுடைய மருந்து பாட்டில்கள் அதன் தலைமேல்தான் இருக்கின்றன. ஃபிலிம் கழுவுகிற இயந்திரம் என்று நினைத்து, வருகிறவர்கள் அதைத்தான் முதலில் மரியாதையாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். குழாயைச் சுற்றி நான் மறுபடி அடைத்துக் கொடுத்தேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் வைத்தாயிற்று.

நேற்று வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தேன். மச்சினன் வந்து பக்கத்தில் நின்றான்.

"மாமா, ஒரு சின்ன வேலை. அந்த மெஷின்ல ஒரு பச்ச லைட்டு எரியுது."