எதிரே வருகிறவன் கண்

காலை ஏழு மணிக்கே ஸ்டோர்கீப்பர் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தார். முந்தின நாள்தான் வண்டி சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. பேட்டரியின் பக்கவாட்டில், ஃபில்டர் மூடியில், ஆயில் பார்க்கும் குச்சியின் பிடியில் என்று ஒன்பது இடங்களில் மனைவியின் நகப்பூச்சால் அவர் புள்ளி வைத்து அனுப்பியிருந்தார். ஒன்பது புள்ளியும் அப்படியே இருந்தன. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"புள்ளியைப் பாத்துட்டு மெக்கானிக் உஷாராயிட்டான்" என்றார்.

"இல்ல, அவர் எதையுமே எடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

"எடுக்காம இருப்பானா?"

தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் அவர் பொறுப்பு. ஒரு கையுறைகூடக் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. சாயங்காலம் வாசலில் நின்று ஆட்களின் சாப்பாட்டுப் பையைத் துழாவுவார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட்டார்கள். ஸ்டோரில் உட்காருகிற ஆளுக்குச் சந்தேகம் வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரும் அந்த மனிதர் சந்தேகத்தை மட்டும் கழற்றாமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

பானெட்டை ஓங்கி மூடினால் தகடு நசுங்கும், நசுங்கினால் அந்த மெக்கானிக்கிடமே போய் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் இரண்டு கையாலும் பூப்போல இறக்கி வைத்து, மேலே லேசாகத் தட்டிக்கொடுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அது முதல் கொக்கி மட்டும்தான், இரண்டாவது கொக்கியும் விழுந்தால்தான் மூடியதாக அர்த்தம். "ஒரு முழ உயரத்துல இருந்து அப்படியே விட்டுடுங்க சார், அதுவே பூட்டிக்கும்" என்று மெக்கானிக் சொல்லித்தான் இருந்தார். சொன்னது மெக்கானிக் என்பதாலேயே இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். அவளோ இரண்டு பெட்டி போதும் என்றாள். அப்பா கேட்கவில்லை. அந்த ஊர்க் கடைக்காரர்கள் கலப்படம் செய்வார்கள் என்று இரண்டு மாத மளிகையை மூட்டை கட்டினார். வாடகை வீட்டுக் கதவை நம்ப முடியாது என்று இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதில் தொங்கிய பூட்டுகள் மட்டும் ஐந்து. தையல் மெஷின், பிரித்துப் போட்ட இரும்புக் கட்டில் என்று பாரம் ஏறிக்கொண்டே போனது.

"அப்பா, மெத்தையும் நாற்காலியும் கனமே இல்ல. மேல கேரியர்ல கட்டிடலாம். டிக்கில இவ்வளவு போட்டா பின்பக்கம் எப்படித் தாழுது பாருங்க."

"மேல கட்டினா சிக்னல்ல நிக்கும்போது கயித்தை அறுத்துட்டுப் போயிடுவான். எல்லாம் உள்ளயே இருக்கட்டும்."

டிக்கி கதவை மூட மூன்று பேர் அதன்மேல் சாய வேண்டியிருந்தது. மனைவி முன் சீட்டில் ஏறினாள். பின் சீட்டில் பாதி வரை சாமான், மீதியில் மகள் ஒடுங்கி உட்கார்ந்தாள். பின்பக்கம் தரையை உரச, முன்பக்கம் வானத்தைப் பார்க்க, மூன்று மணிக்கு வண்டி புறப்பட்டது. கேரியர் காலியாக இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவன் காரின் முன்பக்கத்தைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ கத்தினான்.

"பாத்தியா?" என்றார் ஸ்டோர்கீப்பர், கண்ணாடியை ஏற்றியபடி. "பானெட் திறந்திருக்குன்னு சொல்லுவான். நாம இறங்கி முன்னாடி போவோம். பின்னாடி இன்னொருத்தன் டிக்கியைக் காலி பண்ணுவான். என்கிட்டயேவா?"

வேகத்தைக் கூட்டினார். பானெட் விளிம்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மனைவி அவர் தோளைப் பிடித்துக் கெஞ்சிய பிறகுதான் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். பானெட் ஒரு விரல் அளவு தூக்கி நின்றது. இன்னும் கொஞ்சம் வேகத்தில் போயிருந்தால் எகிறிக் கண்ணாடியில் மோதியிருக்கும். மகள் இறங்கி அதைத் தூக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து விட்டாள். 'டக் டக்' என்று இரண்டு சத்தம் கேட்டது.

"அந்த பைக்ல வந்தவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்" என்றார் அப்பா.

"திறக்கற பிடி உங்க முழங்காலுக்குக் கீழ இருக்குப்பா. ஓடற வண்டிக்குள்ள அவன் எப்படிக் கையை விடுவான்?"

"இவனுங்களுக்குத் தெரியாத வித்தையா?"

மகள் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இந்த ஆளிடம் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஏறாது என்பதை அவள் எட்டு வயதிலேயே தெரிந்துகொண்டவள்.

ஆறரைக்கு இருட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்த ஒற்றைச் சாலை அது, இரண்டு பக்கமும் வயல். ஸ்டோர்கீப்பர் விளக்கைப் போட்டார், ஒழுங்காக டிம்மில்தான் வைத்தார். ஆனால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கிய வண்டிக்கு டிம் ஏது, பிரைட் ஏது? சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர்கள் முகத்தில் போய் விழுந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவில்லை.

எதிரே வந்த வேன் ஒன்று இரண்டு தடவை விளக்கை அணைத்துப் போட்டது. அடுத்து ஒரு பஸ்ஸும் அப்படியே செய்தது. பிறகு ஒரு லாரி மூன்று தடவை அடித்து, ஹாரனும் கொடுத்துவிட்டுப் போனது.

ஸ்டோர்கீப்பர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். "நான் டிம்லதான போறேன்? எதுக்கு அடிக்கறானுங்க? முன்னாடி இருக்கறவனுக்குத் தகவல் சொல்றானுங்க. சாமானோட ஒரு கார் வருது, மடக்குன்னு."

"பஸ்ஸுமா கொள்ளைக் கூட்டம்?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. கதவெல்லாம் பூட்டியிருக்கான்னு பாரு."

நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்மிடம் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று யோசிப்பது மனித இயல்பு. இவருக்கோ நாலு பேரும் கூட்டாளிகள் என்றுதான் தோன்றியது.

அப்போது வளைவில் மங்கலான ஒற்றை விளக்கு ஒன்று தெரிந்தது. ஒரு மொபெட், பின்னால் பெரிய பெட்டி. அதுவும் விளக்கைச் சிமிட்டியது.

"இவன்தான் கடைசி ஆள். மூஞ்சியைப் பாத்து வச்சுக்கறேன்" என்று சொல்லி, ஸ்டோர்கீப்பர் முழு வெளிச்சத்தையும் அவன் முகத்தில் அடித்தார்.

முகம் தெரிந்தது. ஐம்பது வயதுக்காரர், ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். மறு நொடி மொபெட் தள்ளாடி, சாலை ஓரத்தைத் தாண்டி, பள்ளத்தில் போய் விழுந்தது.

"அப்பா, நிறுத்துங்க!"

"நடிப்பு! இப்படி விழுந்து கிடப்பானுங்க, நாம இறங்கினதும்..."

"நிறுத்தலன்னா நான் கதவைத் திறந்து குதிப்பேன்!"

கதவின் பூட்டை அவள் எடுத்துவிட்ட சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தார். அவள் இறங்கி ஓடினாள். வேறு வழியில்லாமல் இவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

பள்ளத்தில் ரொட்டிப் பாக்கெட்டுகள் சிதறிக் கிடந்தன. ரொட்டிக்காரரின் வலது கால் பார்க்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது, துணியெல்லாம் ரத்தம். டார்ச்சோடு இறங்கி வரும் உருவத்தைப் பார்த்ததும் அவர் முழங்கையால் பின்னுக்கு நகரப் பார்த்தார்.

"ஐயா, அடிக்காதீங்க. பையில இருக்கறதை எடுத்துக்கங்க. உயிரை மட்டும் விட்டுடுங்க, பிள்ளைங்க இருக்கு."

ஸ்டோர்கீப்பர் அப்படியே நின்றுவிட்டார். வாழ்நாளில் யாரும் அவரைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை. "நான்... நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றார். வாசலில் பையைத் திறந்து காட்டும் ஆட்கள் தினமும் அவரிடம் சொல்லும் வார்த்தை அது. தன் வாயால் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மகள் துப்பட்டாவால் தொடையை இறுக்கிக் கட்டினாள். "ரத்தம் நிறையப் போகுது. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் தாங்காது. பின் சீட்டைக் காலி பண்ணுங்க."

அதற்குள் ஹாரன் கொடுத்துப் போன அதே லாரி திரும்பி வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார். "கண்ணாடியில பாத்தேன், எனக்குப் பின்னாடி வந்த மொபெட் விளக்கு வளைவுல காணாமப் போச்சு, அப்பவே நினைச்சேன். எவ்வளவு தடவை அடிச்சேன் சார்! உங்க லைட்டு ஆளு கண்ணுல நிக்குது."

"நான் டிம்லதான்... நீங்கெல்லாம் கொள்ளைக் கூட்டம்னு நினைச்சு..."

"டிம்மா இருந்தா என்ன, வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குதே! பாரம் ஏத்தினா லைட்டை இறக்கணும். ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க." உள்ளே கையை விட்டு அவரே அதைத் திருப்பினார். வயல் மேல் நின்ற வெளிச்சம் சாலைக்கு இறங்கியது. "டிக்கியையும் காலி பண்ணுங்க. இல்லன்னா போற வழியில இன்னொருத்தன் விழுவான். சந்தேகப்படுங்க சார், வேண்டாங்கல. நாலு பேர் இருக்கற இடத்துல நிறுத்தி, அப்புறம் வண்டியில என்ன கோளாறுன்னு பாருங்க. பாக்காம மட்டும் போகாதீங்க!"

டிரங்குப் பெட்டி, மெஷின், கட்டில், மூட்டைகள் எல்லாம் சாலை ஓரத்தில் இறங்கின. முன்பின் தெரியாத ஒருவரிடம், இருட்டில், ஒரு சீட்டுகூட எழுதாமல் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஸ்டோர்கீப்பர் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார். பிறகு ரொட்டிக்காரரின் முகத்தைப் பார்த்தார், அது வெளுத்துக்கொண்டே வந்தது. "நீங்க பாத்துக்கங்க" என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு உடனே ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, கால் பழையபடி ஆகுமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது. சற்று நேரத்தில் லாரியும் வந்து சேர்ந்தது. டிரைவர் சாமானையெல்லாம் வாசலில் வரிசையாக இறக்கி, "சரி பாத்துக்கங்க சார்" என்றார். ஸ்டோர்கீப்பர் கைகூப்பினார், சரிபார்க்கவில்லை.

ரொட்டிக்காரரின் மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸிடம் விசாரித்துவிட்டு நேராக இவர்களிடம் வந்து நின்றார். அவர் பார்வை ஸ்டோர்கீப்பரை மேலிருந்து கீழ்வரை துழாவியது.

"நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களாமே. யார் வீட்டு ஆளுக்கோ இந்தக் காலத்துல யாரு இவ்வளவு செய்வா? நீங்கதான் இடிச்சீங்களா?"

ஸ்டோர்கீப்பரின் மனைவி அவர் கையை அழுத்தினாள். இடிக்கவில்லை என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. காரில் ஒரு கீறல் கிடையாது, பார்த்த சாட்சி கிடையாது.

"இடிக்கலம்மா" என்றார் ஸ்டோர்கீப்பர். "ஆனா அவர் விழுந்தது என்னாலதான். அவரைத் திருடன்னு நினைச்சேன். மூஞ்சியைப் பாக்கணும்னு கண்ணுல லைட்டை அடிச்சேன். வழி நெடுக எல்லாரும் சொன்னாங்க, ஒருத்தரையும் நான் நம்பல. போலீஸ்லயும் இதையே சொல்லிடறேன். அவர் எழுந்து நடக்கற வரைக்கும் உங்க வீட்டுப் பொறுப்பு என்னோடது."

அந்த அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. வாசலில் ஐந்து பூட்டோடு நின்ற டிரங்குப் பெட்டியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"உங்க பெட்டிக்கு இவ்வளவு பாதுகாப்பு பண்ணத் தெரிஞ்சிருக்கே ஐயா. ரோட்டுல வண்டி ஓட்டறவன் முதல்ல காப்பாத்த வேண்டியது தன் பொருளை இல்ல, எதிர்ல வர்றவன் கண்ணை. அது தெரியாதவன் திருடனை விட மோசம். திருடன் பொருளோட போயிடுவான்."

ஸ்டோர்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். "நிஜம்தாம்மா" என்றார்.