முன்னால் வந்தவரின் சர்க்கரை

மேடவாக்கத்தில் அயூப் பாய் நடத்திய ரத்தப் பரிசோதனை லேப்பில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. 2004-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு, அதற்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது ஓ.எஸ்., போட ஜமீர் வந்து உட்கார்ந்தான். கீழ்க்கட்டளையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். லேப்பில் டெக்னீஷியனாக இருந்த ஷபீனாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்த வேலையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

பழைய ஓ.எஸ்ஸில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனிகள், வேலைக்குச் சேருகிறவர்களின் மெடிக்கல் ரிப்போர்ட்டை இன்டர்நெட்டில் அனுப்பச் சொல்லின. அதற்கான சாஃப்ட்வேர் பழையதில் ஏறவே மாட்டேன் என்றது. அந்த ஆர்டரைக் கைநழுவ விட அயூப் பாய்க்கு மனசு வரவில்லை.

ஜமீர் ஆரம்பத்திலேயே சொன்னான். "பாய், அது ஏறிடும். எனக்கு பயமெல்லாம் உங்க லேப் ப்ரோகிராம் மேலதான். ஜெபசீலன் சார் அந்தக் காலத்துல எழுதினது. புதுசுல ஒழுங்கா ஓடுமான்னு அவரைக் கேக்காம சொல்ல முடியாது."

"அவரை எங்கப்பா போய்த் தேடறது? கனடா போனவரு போன் நம்பர் கூட குடுக்கல. நீ எப்படியாவது ஓட வை."

ஊதா நிறத் திரையோடு வரும் ஜெபசீலனின் ப்ரோகிராம் செய்த வேலை சின்னதுதான். ரத்தத்தைச் சோதிக்கும் மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் வரும். மெஷின் அளந்த எண்ணை அந்தக் கேபிள் வழியாக வாங்கி, நோயாளியின் பெயருக்கு நேரே போட்டு, ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கும். மெஷினுக்கென்று தனியாக ஒரு சின்னத் திரையும் உண்டு. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தூசி படிந்து கிடந்தது.

புது ஓ.எஸ்ஸில் ப்ரோகிராம் முதலில் திறக்கவே இல்லை. பழைய ப்ரோகிராம்களை, அவை இன்னும் பழைய ஓ.எஸ்ஸில்தான் இருக்கின்றன என்று நம்ப வைக்க அதில் ஒரு வசதி இருந்தது. ஜமீர் அதைத் தட்டிவிட்டான். திறந்துகொண்டது. காலையில் மிச்சமிருந்த ஒரு சாம்பிளை எடுத்து ஷபீனா மெஷினில் வைத்தாள். மெஷின் முனகி ஓய்ந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் விழவில்லை.

"இன்னொரு தடவை போடுக்கா."

அதே சாம்பிளை மறுபடி வைத்தாள். எண் வந்தது. மூன்றாவது தடவையும் வைத்தாள். அதே எண்.

"பாத்தியா? மொதல்ல கொஞ்சம் முரண்டு பண்ணும். அப்புறம் சரியாயிடும்" என்று ஜமீர் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் அப்படியேதான் நடந்தது. நோயாளிகளின் ரத்தத்தை வைக்கும் முன் மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, மெஷின் கம்பெனி கொடுத்த சோதனைத் திரவத்தை ஷபீனா ஓட்டுவாள். முதல் தடவை திரை வெறுமையாக இருக்கும். இரண்டாம் தடவை சரியான எண் வரும். முரண்டு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாள்.

அடுத்த வாரத்தின் நடுவில் ஒரு டாக்டர் போன் செய்தார். "என்னம்மா இது, இருபத்திரண்டு வயசுப் பையன், ஆள் ஜம்முன்னு இருக்கான், கிட்னி போயிடுச்சுன்னு அனுப்பியிருக்கீங்க? திருப்பிப் பாருங்க." ஷபீனா திருப்பிப் போட்டாள். நார்மல் என்று வந்தது. டியூபில் ஏதோ கோளாறு என்று மன்னிப்புக் கேட்டு, புது ரிப்போர்ட் கொடுத்தாள். அந்தக் கெட்ட எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதே வாரத்தில் வேதாசலம் ஒரு மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் கீழ்க்கட்டளையில் தனியாக இருந்தார். பல வருஷமாகச் சர்க்கரையோடு மல்லுக்கட்டியவர்.

"தொண்ணூத்தி நாலும்மா! சின்னப் பையனுக்கு இருக்கற சக்கரை! டாக்டரே அசந்துட்டார். மாத்திரையைப் பாதியாக் குறைச்சிட்டார். நான் மீதிப் பாதியையும் நிறுத்திட்டேன், அது அவருக்குத் தெரியாது." குழந்தை மாதிரி சிரித்தார். "எடுத்துக்கோ. நானும் ஒண்ணு சாப்பிடறேன், இத்தனை வருஷம் கழிச்சு."

ஷபீனா ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். வரவேற்பு மேசையிலிருந்த ரோஸி இரண்டு எடுத்துக்கொண்டாள். வேதாசலம் கண்ணை மூடி மென்று தின்றதை இருவரும் பார்த்துச் சிரித்தார்கள்.

சில நாள் கழித்து முனிரத்தினம் வந்தான். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி தனத்துக்கு லேப்பில்தான் மாதாமாதம் சர்க்கரை பார்ப்பார்கள். லாரியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, கசங்கிய ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்தான்.

"இன்னா ரிப்போர்ட் இது? யார் குட்த்தது?"

அயூப் பாய் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "உக்காருப்பா. என்ன ஆச்சு?"

"முந்நூத்தி எம்பத்தாறுன்னு போட்டுக்கீது. டாக்டரு இதப் பாத்துட்டு ஊசி மருந்த ஏத்தச் சொன்னாரு. ஏத்தினேன். நாந்தான் சார் ஏத்தினேன், என் கையால. காலீல எழுப்பறேன், எழுந்துக்கல. ஒடம்பெல்லாம் சில்லுனு வேர்த்துகினு கீது. ஆஸ்பத்திரில இன்னா சொல்றாங்கோ தெரியுமா? சக்கரையே இல்லியாம் ரத்தத்துல. இல்லாத சக்கரைக்கி ஊசி போட்டுக்கிறேன் நானு!"

"சாப்பிடாம ஊசி போட்டிருப்பீங்க..." என்று அயூப் பாய் ஆரம்பித்தார்.

"துன்னா சார்! என் எதிர்க்கத்தான் துன்னா!" ரிப்போர்ட்டை மேசைமேல் எறிந்துவிட்டு, வந்த வேகத்திலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஷபீனாவுக்கு அந்தக் கிட்னி ரிப்போர்ட்டுக்காக வந்த டாக்டரின் போன் நினைவுக்கு வந்தது. காலைக் கூட்டம் ஓய்ந்ததும், ஒரு டியூபில் வெறும் தண்ணீரை ஊற்றி, மெஷினில் வைத்து, தன் பெயரைப் போட்டு ஓட்டினாள். கம்ப்யூட்டர் அமைதியாகச் சொன்னது: ஷபீனா, சர்க்கரை 241.

துப்பட்டா நுனியால் மெஷினின் சின்னத் திரையைத் துடைத்தாள். அதில் சுழியம் தெரிந்தது.

"ரோஸி, இங்க வா. கையைக் குடு."

ரோஸியின் ரத்தத்தை எடுத்து, சுழற்றிச் சீரம் பிரித்து மெஷினில் வைத்தாள். மெஷினின் திரை 88 என்றது. கம்ப்யூட்டர் சுழியம் என்றது.

"என்னக்கா, எனக்கு ஒண்ணுமே இல்லையா? செத்துட்டேனா நான்?" என்று ரோஸி சிரிக்கப் பார்த்தாள். ஷபீனாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

இப்போது புரிந்தது. புது ஓ.எஸ்ஸில் அந்தப் பழைய ப்ரோகிராம் ஒரு ஆள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் அனுப்பும் எண்ணை உடனே எடுக்காமல், முன்னால் வந்து காத்திருந்த எண்ணை எடுத்துப் போட்டது. அன்று ஜமீருக்காக ஒரே சாம்பிளையும், காலைகளில் ஒரே சோதனைத் திரவத்தையும் திரும்பத் திரும்ப வைத்ததால் ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் தடவை வெறுமையாகக் கிடந்த திரைதான் கோளாறு. அதற்குப்பின் வந்த ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவரின் எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

அயூப் பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஜமீரைக் கூப்பிட்டுப் பழையபடி மாத்தச் சொல்லு. இனிமே மெஷினைப் பாத்துக் கையால எழுதுவோம். நடந்ததைக் கிளற வேணாம்மா. லேப்பை இழுத்து மூடிருவாங்க. நாம எல்லாரும் தெருவுல நிக்கணும்."

"தனத்துக்கு வந்த முந்நூத்தி எம்பத்தாறு யாரோடது பாய்?"

ஷபீனா கம்ப்யூட்டரில் அந்த நாளைத் திறந்தாள். தனத்துக்கு முன்னால் ரத்தம் கொடுத்தவர் பெயர் வேதாசலம். அவருக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண். அவளுடைய தொண்ணூற்று நாலைத்தான் அவர் கொண்டாடியிருக்கிறார்.

மைசூர்பாகின் நெய் வாசனை தொண்டையில் ஏறியது. போனை எடுத்து அவர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினாள். யாரும் எடுக்கவில்லை.

ஜமீர் பைக்கில் வந்து இறங்கியபோது அவள் வாசலிலேயே நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, நான் அப்பவே சொன்னேன்ல, ஜெபசீலனைக் கேக்கணும்னு? என் பேரை இழுத்துராத. கடை போயிடும்."

"சொன்ன. அப்புறம் நீதான் சரியாயிடும்னும் சொன்ன. நானும் பக்கத்துலதான் நின்னேன். வண்டியை எடு."

கீழ்க்கட்டளையில் வேதாசலம் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு நாளா தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வெயில்னு நெனச்சோம். காலையில பேச்சுக் கொளறுச்சு. தூங்கறாருன்னு விட்டுட்டேன்."

உள்ளே கட்டிலைச் சுற்றிக் காலி பாட்டில்களும் சொம்புகளும் உருண்டு கிடந்தன. கக்கூஸ் வாசலிலிருந்து எறும்புகள் சாரைசாரையாகப் போய்வந்துகொண்டிருந்தன. வேதாசலம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. ஷபீனா தொட்டு உலுக்கியபோது கண்ணைத் திறந்து, அவளைத் தாண்டி எங்கோ பார்த்தார்.

"சார், நான் லேப் ஷபீனா."

"தொண்ணூத்தி நாலு" என்றார்.

ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தபோது சர்க்கரை அறுநூறைத் தாண்டியிருந்தது. இவருக்கு நார்மல் என்று ரிப்போர்ட் கொடுத்தது எங்கள் லேப், அது தப்பு என்று ஷபீனா டாக்டரிடம் சொன்னாள். ஜமீர் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். ஆனால் போய்விடவில்லை.

அன்று மத்தியானமே, அயூப் பாய் தடுத்தும் கேட்காமல், ஷபீனாவும் ரோஸியும் ஆளுக்கொரு போனில் உட்கார்ந்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், வேறெங்காவது மறுபடி பாருங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் புரியாமல் சரி சரி என்றார்கள். சில எண்கள் தப்பாக இருந்தன. சிலர் எண்ணே கொடுத்திருக்கவில்லை. சித்தாலப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணி, ஊருக்குப் போகும் வழியில் ரத்தம் கொடுத்த ஒரு கட்டடத் தொழிலாளி. அவர்கள் யாருடைய எண்ணைச் சுமந்துகொண்டு எங்கே நடமாடுகிறார்களோ, கடைசிவரை தெரியவில்லை.

வேதாசலம் அந்த வாரத்திலேயே இறந்துபோனார். வயசு, கிருமித் தொற்று, சர்க்கரை என்று டாக்டர் பல காரணம் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் ஷபீனாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தனம் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை. முனிரத்தினத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்து வேறு ஏதோ சொல்வாளாம். முனிரத்தினம் போலீசில் எழுதிக் கொடுத்தான். ஷபீனா போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அயூப் பாய் லேப்பைப் பூட்டினார்.

கேஸ் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் ஜமீர் அவள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றில் கைவைக்கவில்லை.

"அக்கா, ஜெபசீலன்கிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு. எப்படியோ அட்ரஸ் கெடச்சுது."

"என்ன சொல்றாரு?"

"அந்த ப்ரோகிராமை நமக்கு மட்டும் குடுக்கலியாம். தாம்பரம், பல்லாவரம், சேலையூர்னு லேப் லேப்பா ஏறி வித்திருக்காரு. எந்தெந்த லேப்புன்னு ஞாபகம் இல்லையாம். வாங்கினவங்க வேற காப்பி எடுத்துக் குடுத்திருக்காங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஊர்ல எல்லாரும் இப்ப புது ஓ.எஸ்தான் போடறாங்க, அக்கா. நானே போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஷபீனா அவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து பைக்கில் சுற்றினார்கள். கண்ணில் பட்ட லேப்பில் எல்லாம் நுழைந்து கேட்டார்கள். பெரும்பாலும் வேறு ப்ரோகிராம் இருந்தது. சேலையூரில் ஒரு லேப்பில், கதவைத் தள்ளியதுமே ஜமீர் அவள் கையைப் பிடித்தான். கவுண்டருக்குப் பின்னால் அதே ஊதாத் திரை. ஜெபசீலனின் ப்ரோகிராம்.

உரிமையாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. போன வாரம்தான் புது சிஸ்டம் மாத்தினோம். அருமையா ஓடுது. காலையில மட்டும் மொதல் தடவை ஒண்ணும் காட்டாது. இன்னொரு வாட்டி போட்டா வந்துடும்."

"சார், அந்த மொதல் தடவைதான் சார் கோளாறே. ஒரே ஒரு டெஸ்ட், எங்க எதிர்லயே போட்டுப் பாருங்க."

"வேலை நேரத்துல வந்து என்னம்மா இது? போட்டிக் கடைக்காரங்க யாராவது அனுப்பினாங்களா உங்களை? கெளம்புங்க."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் ஒரு ரிப்போர்ட்டைத் துப்பியது. கவுண்டர் பெண் அதை மடித்து உறையில் போட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டாள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் எழுந்து கையை நீட்டினார்.

ஷபீனா கவுண்டருக்கு முதுகைக் காட்டி, அந்த வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"யாரும் ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போகாதீங்க" என்றாள். இன்னும் சத்தமாக, திரும்பவும் சொன்னாள்.

உரிமையாளர் கத்திக்கொண்டே எழுந்து வந்தார். ஒரு பெண் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் இவள் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியவர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று வெயிலில் இறங்கி நடந்தார். ஜமீர் அவர் பின்னால் ஓடினான்.