தாங்கள் அளித்த விவரங்களில் பிழை உள்ளது

பெருமாயி மகளின் முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது, சுகுணா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். மணி இரண்டு. கீழே கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஆனிக் காற்று புழுதியை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி அழகிரிசாமி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

“நர்சு காலேசுக்குக் கம்ப்யூட்டர்ல எழுதிப் போடுதாகளே, அது செஞ்சது இங்கனதானா தாயி?” மூச்சு வாங்கியது பெருமாயிக்கு. “புதூர்ல இருந்து வாரோம். இந்தச் சவம் அதுல என்ன தப்பு எழுதித் தொலைச்சான்னு பாத்துச் சொல்லு. கேட்டா ஒண்ணும் தப்பு இல்ல, ஒண்ணும் தப்பு இல்லங்கா. தப்பு இல்லாமயா கம்ப்யூட்டர் சொல்லும்?”

அந்தப் பிள்ளை பேபி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ப்ளஸ் டூவில் ஆயிரத்து நாற்பது மார்க். நர்சிங் காலேஜுக்கு எட்டையபுரம் பிரௌசிங் சென்டரில் இருந்து மூன்று தடவை விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரே பதில்: தாங்கள் அளித்த விவரங்களில் பிழை உள்ளது. முதல் தடவை வந்ததும் பெருமாயி விளாத்திகுளம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து புது சாதிச் சான்றிதழ் வாங்கினாள். இரண்டாம் தடவை வந்ததும் போட்டோவில் கண் சொருகி இருக்கிறது என்று வேறு போட்டோ எடுத்தாள். மூன்றாம் தடவை வந்த அன்றே கடைசித் தேதியும் முடிந்துபோனது. அன்றைக்கு, அடுப்புக்கு வைத்திருந்த பருத்திமாரை உருவி மகளை விளாசிவிட்டாள். பேபியின் முன்கையில் அது மூன்று கோடாகக் கன்றிப்போயிருந்தது.

சுகுணா டிபன் பாக்ஸை மூடினாள். சோறு இறங்குமா இனி? அந்த வரியைத் தட்டியது அவள் கைதான்.

அந்த வருஷம்தான் காலேஜ்காரர்கள் இனி விண்ணப்பமெல்லாம் இன்டர்நெட்டில்தான் என்று ஆரம்பித்து, அந்தப் பக்கத்தைச் செய்துதரும் வேலையை அழகிரிசாமியிடம் கொடுத்தார்கள். சுகுணா முதலில் செய்து காட்டியபோது நடுவில் எங்கோ கோளாறாகி, சிவப்பு எழுத்தில் என்ன கோளாறு, எந்த வரியில் என்று இங்கிலீஷில் பக்கம் நிறைய வந்து நின்றது. காலேஜ் கரஸ்பாண்டென்ட் முகம் சுளித்தார். அழகிரிசாமி பட்டாசு ஏஜென்சி நடத்தி வளர்ந்த ஆள். வெடிக்காத வெடியைத் திருப்பிக் கொண்டுவருகிறவனிடம், உனக்குக் கொளுத்தத் தெரியலை என்று சொல்லியே பழக்கப்பட்ட வாய். “நம்ம தப்ப நாமளே தண்டோரா போடணுமாம்மா? தாமரைப்பூ படம் போடு. கீழ நம்ம சென்டர் பேரு, விலாசம் போடு. விவரம் தப்புன்னு ஒரு வரி எழுது. அவனவன் வீட்டுல போய்ச் சரிபாத்துக்கிடட்டும்.” தப்பு அந்தப் பிள்ளைகளுடையது இல்லையே அண்ணாச்சி என்று ஒரு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நிஜக் கோளாறு என்னவென்று அவருடைய மெயிலுக்கு மட்டும் போகிற மாதிரி வைத்தாள். அப்புறம் வாரா வாரம் கேட்டாள், ஏதும் வந்ததா அண்ணாச்சி என்று. ஒன்றும் வரவில்லை என்றார் அவரும்.

“இங்க வா. உக்காரு,” என்றாள் பேபியிடம். தாமரைப்பூப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, பழையபடி கோளாறே முன்னால் வந்து நிற்கும்படி மாற்றினாள். ஒரே ஒரு வார்த்தைதான் மாற்ற வேண்டியிருந்தது. கடைசித் தேதி முடிந்தும் விண்ணப்பப் பக்கத்தை மூடும்படி இன்னும் யாரும் சொல்லவில்லை. பேபி தன் பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். போட்டோவை ஏற்றி பட்டனை அமுக்கினாள். சிவப்பு எழுத்து வந்தது.

பேபி எழுத்துக் கூட்டி வாசித்தாள். “டிஸ்க்... ஃபுல்.” திரும்பிப் பார்த்தாள். “என் விவரத்தப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையேக்கா?”

“இல்ல. போட்டோ சேத்து வைக்க வாடகைக்கு எடுத்த எடம் ரொம்பிப்போச்சு. நீ என்ன எழுதினாலும் ஏறாது. உன்மேல தப்பே இல்ல.”

பெருமாயி மகளுடைய கையைப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்தாள்.

சுகுணா எழுந்து அழகிரிசாமியின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மெயில் இருந்தது. ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக; ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பெயர், ஊர், தேதி, நேரம், டிஸ்க் ஃபுல். அத்தனையும் பிரித்துப் படித்த மெயில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நாற்பத்து மூன்று வீட்டில் அடி விழட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன்! அவர் சொன்னதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னையும் சேர்த்து நாலு அறை விடலாம் போல இருந்தது அவளுக்கு.

“அக்கா, அத எழுதிக் குடுங்க,” என்றாள் பேபி. “சீல் வச்சு.”

சுகுணா நாற்பத்து மூன்று பேரையும் பட்டியலாக்கி பிரிண்டரில் எடுத்தாள். முதல் பெயர் பேபி. அடியில், ‘கோளாறு எங்களுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சென்டர் சீலை ஓங்கி ஒரு குத்து குத்தி, தாளைப் பேபியிடம் நீட்டினாள்.

சீல் மை காயுமுன் அழகிரிசாமி வந்துவிட்டார். தாளைப் பார்த்ததும் வெற்றிலை மெல்லுவது நின்றது.

“யாரக் கேட்டு சீல் வச்ச?”

“நீங்க யாரக் கேட்டு இத்தன பிள்ளைக வாயில மண்ணப் போட்டீங்க?”

இப்படி ஒரு நாளும் பேசியவள் இல்லை. அவர் திகைத்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா, சட்டென்று பெருமாயி பக்கம் திரும்பிவிட்டார். “அம்மா, அந்தத் தாள வச்சு என்ன செய்யப் போறீங்க? இப்பவே பேசி உங்க பிள்ளைக்கு சீட் வாங்கித் தாரேன். தாள இங்கன வச்சிட்டுப் போங்க.”

பெருமாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். “குடுத்துரு ஏட்டி.”

“மொதல்ல பேசட்டும்,” என்றாள் பேபி.

அவர் போன் போட்டார். “கரஸ்பாண்டென்ட் சாரா? ஒண்ணுமில்ல, ஒரு பிள்ளைக்கு நம்ம பக்கம் சின்னதா ஒரு...”

“சின்னதுன்னு சொல்லாதீங்க. இதுல உள்ளபடி வாசிங்க.” பேபி தாளைக் கொடுக்காமல் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அழகிரிசாமிக்கு வேர்த்தது. வாசித்தார். பெயர், ஊர், தேதி, நேரம், டிஸ்க் ஃபுல். சுகுணா குனிந்து போனின் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினாள். “அப்போ நம்ம தப்புதானே அண்ணாச்சி, நாளைக்கே வந்து சேரச் சொல்லுங்க,” என்று கரஸ்பாண்டென்ட் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“கேட்டுட்டியா? குடு,” என்று கையை நீட்டினார்.

“அடுத்த பேரு செல்வலட்சுமி. குளத்தூர்,” என்றாள் பேபி. “என்கூடப் படிச்சவ. எழுதத் தெரியாத முண்டம்னு சொல்லி அவ அய்யா போன வாரம் அவளத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. அதையும் வாசிங்க.”

“நம்ம சோலி முடிஞ்சுட்டுல்லா, வா ஏட்டி!” பெருமாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பேபி உதறினாள்.

“அண்ணாச்சி? லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

பேபியின் விரல் இரண்டாவது வரியின் மேல் இருந்தது. அது நகரவில்லை.