உருக்கிய கூம்பு

சுருளியம்மாளுக்கு மற்ற பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு மட்டும் எஸ்.எஸ்.எல்.சி.யில் காலை வாரிவிட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம், ஆனால் அதுதான் கடைசி என்று அப்பா நல்லமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். தேறினால் நர்ஸ் டிரெயினிங். இல்லையென்றால் தை மாதம் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாமன் நல்ல மனிதர், யார் இல்லை என்றது? அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து தோழி ஞானஜோதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மறையூரில் இவள் வீட்டுக்கு பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளும் கணக்கில் கோட்டை விட்டவள்தான். எக்ஸைக் கண்டுபிடி என்றால் சுருளியம்மாள் பிய்த்து உதறிவிடுவாள். கன அளவு என்று வந்தால்தான் வம்பு.

அன்றைக்கும் அதே வம்பு. ஆறு ஆரமும் இருபத்துநாலு உயரமும் உள்ள உலோகக் கூம்பை உருக்கி, மூன்று ஆரத்தில் உருண்டை பிடித்தால் எத்தனை வரும்? கூம்பு 288 பை, உருண்டை 36 பை என்று சரியாகத்தான் போட்டாள். விடை மட்டும் ஏழு என்று எழுதினாள். எட்டுதானே வரும் என்றாள் ஞானஜோதி.

சுருளியம்மாளுக்குச் சுர்ரென்று வந்தது. பிறந்தது முதல் கரும்பு ஆலையில் வளர்ந்தவள் அவள். கொப்பரை நிறையச் சாறு ஊற்றினால் அடியில்தான் வெல்லம் நிற்கும். அடுப்பில் ஏற்றியது குறையாமல் இறங்குமா? அப்பாவும் அதையே சொல்லிச் சிரித்திருந்தார். போன தடவை இந்தக் கணக்கில்தான் அவளுக்கு மார்க் போனது.

ஞானஜோதி புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள். "உருக்குறப்ப குறைஞ்சுச்சுன்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

"இல்ல."

"பெறகு நீயா எதுக்குடி குறைக்கிற?"

சுருளியம்மாளுக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. எட்டு என்று திருத்தினாள். அதோடு விடாமல் கூம்பை உருண்டையாக்கினாள், உருண்டையை உருளையாக்கினாள், உருளையை மறுபடி கூம்பாக்கினாள். கடைசி பஸ் வரும்வரை ஞானஜோதியை எழுந்திருக்க விடவில்லை.

பரீட்சையில் ஆறு ஆரமுள்ள கோளத்தை உருக்கி, நாலு ஆரத்தில் உருளை வார்த்தால் உயரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். உயரத்தை எக்ஸ் என்று வைத்தாள். பதினாறு எக்ஸ் சமம் 288. எக்ஸ் பதினெட்டு. பழகிய கை கொஞ்சம் குறைக்கத்தான் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டின் கீழே கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

இருவருமே தேறிவிட்டார்கள். ரிசல்ட் வந்த அன்று அப்பா தலையைச் சொறிந்தார். மாமனிடம் பேசி வைத்தாயிற்றே, கல்யாணம் முடிந்தபின் படித்தால் ஆகாதா என்று இழுத்தார்.

"மாமாகிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களாப்பா, நான் போகட்டுமா?"

நல்லமுத்து மகளை நிமிர்ந்து பார்த்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குக் கிளம்பினார்.